கூடையில் விழாத மாங்காய்

அந்தக் கையுறை கறுப்பு நிறம். ஒவ்வொரு விரலின் மேலும் ஒரு மெல்லிய ஒயர் ஓடி, மணிக்கட்டில் தீப்பெட்டி அளவு இருக்கும் ஒரு டப்பாவில் போய்ச் சேரும். டப்பாவில் பச்சை விளக்கு எரிந்தால் அது உயிரோடு இருக்கிறது. அதோடு ஒரு கண்ணாடிப் பலகையும் கொடுத்திருந்தார்கள். தண்ணீர்ச் சொம்பின் மேல் சாய்த்து வைத்தால் அதில் ஒரு மாமரம் தெரியும். மரத்திலிருந்து மாங்காய் விழும். நான் விரலை விரித்தால் பலகையில் ஒரு கை விரியும், மூடினால் மூடும். சரியான நேரத்தில் மூடினால் மாங்காய் பிடிபட்டுக் கூடையில் 'டொப்' என்று விழும். பத்து விழுந்ததும் ஒரு பெண் குரல், "மிக நன்று! தொடருங்கள்" என்று சொல்லும். காலையில் ஐம்பது, சாயந்திரம் ஐம்பது.

எழுபத்து மூன்று வயதில் நான் வீட்டுக்குள் உட்கார்ந்து மாங்காய் பிடித்துக்கொண்டிருந்தேன். நிஜ மாங்காயும் பிடித்திருக்கிறேன். தோப்புக்காரர் சைக்கிளைப் போட்டுவிட்டுத் துரத்த, வேட்டி இல்லாத வயதில் மணிமுத்தாற்று மணலில் ஓடியிருக்கிறேன். அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்க வேண்டியவன். என் பெயரைக் கையெழுத்தாகப் போடுவேன், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த எழுத்து. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல இன்னொருவர்தான் எழுதுகிறார். சரி, கையுறைக்கு வருகிறேன்.

போன ஐப்பசியில் ஒரு காலை, தெருமுக்கு இட்லிக்கடையில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. கிளாஸ் உடையும் சத்தம் கேட்டது. யார் போட்டது என்று திரும்பிப் பார்த்தேன். உடைந்த கிளாஸ் என் காலடியில் கிடந்தது. என் கையில் கிளாஸ் இல்லை. வலியும் இல்லை, ஒன்றும் இல்லை.

"என்னா மாமா, வாயி ஒரு பக்கமா இழுக்குது?" என்றாள் கடைக்காரம்மா. "ஒக்காரு. ஒக்காருய்யா கீழ!"

அவள்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். பக்கவாதம் என்றார்கள். சீக்கிரம் கொண்டுவந்ததால் பேச்சு போகாமல் தப்பியது, கால் ஒரு மாதத்தில் வந்தது. வலது கை மட்டும் வரவில்லை.

நாற்பது வருஷம் செராமிக் பொம்மைக் கம்பெனியில் வேலை பார்த்த கை அது. பிளாஸ்டர் அச்சில் மண்கூழ் ஊற்றுகிற வேலை. ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அச்சு தண்ணீரைக் குடிக்கும், ஓரத்தில் மண் படிந்து தடிக்கும். தடித்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்து ஊற்றிவிட்டு அச்சைப் பிரித்தால் உள்ளே ஈரமாக ஒரு யானை நிற்கும். ஒரு நாளைக்கு எத்தனை யானை என்று கேட்காதீர்கள். அதில் ஒரு விஷயம், ஈர யானையின் தும்பிக்கையைத் தொடவே கூடாது. வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்துத்தான் தூக்க வேண்டும். புதிதாக வருகிறவன் எவனும் தும்பிக்கையில்தான் கை வைப்பான். அது அப்படியே தொங்கிப்போகும். பிறகு எதை வைத்து ஒட்டினாலும் சூளையில் விரிசல் விட்டுவிடும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது என் கை அப்படித்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

கை இல்லாவிட்டால் என்ன போகும் என்று கேட்டால், சோறு போகாது, ஸ்பூன் இருக்கிறது. வேட்டி போகும். ஒரு கையால் வேட்டி கட்ட முடியாது, கட்டிப் பாருங்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் என் மகள், இடுப்பில் எலாஸ்டிக் வைத்த பேண்ட் நாலு வாங்கி அனுப்பினாள். சாம்பல் நிறத்தில் ஒன்று, நீலத்தில் மூன்று. நான் அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் எனக்கே யாரோ போகிற மாதிரி இருக்கும். என் மனைவி இருந்திருந்தால் சிரித்திருப்பாள். அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது. மகள் ஞாயிற்றுக்கிழமை ஃபோன் பண்ணுவாள். மற்ற ஆறு நாள் வீட்டில் பேசுகிற சத்தம் என்றால் அது அந்தப் பலகையின் குரல்தான். "மிக நன்று" என்று அது சொன்னால் நான், "ஆமா, நீதான் மெச்சிக்கணும்" என்பேன்.

கையுறை இனாமாகக் கிடைத்தது. ஏதோ திட்டத்தில், ஆறு மாதத்துக்கு. என் கை விரிவதும் மூடுவதும் கணக்காகப் புதுச்சேரிக்குப் போகும், அங்கே ஒரு பிசியோ பெண் அதைப் பார்ப்பாள். ஆறு மாதம் முடிந்ததும் அவளே வந்து சோதிப்பாள். கை தேறுகிறது என்றால் மேற்கொண்டு பயிற்சி உண்டு. தேறவில்லை என்றால் அப்படியே எழுதி முடித்துவிடுவார்கள். இரண்டில் எதுவானாலும் கையுறை அடுத்த ஆளுக்குப் போய்விடும். இதெல்லாம் கையுறை கொடுத்த அன்றைக்கே சொன்னார்கள். நானும் தலையாட்டினேன்.

முதல் மாதம் ஒழுங்காகச் செய்தேன். ஆனால் கையுறையைக் கழற்றுவது நரகம். கை மடங்கியே இருக்கும், உள்ளே வியர்த்து ரப்பர் தோலில் ஒட்டிக்கொள்ளும். இடது கையால் இழுத்தால் விரல் கூடவே வரும். ஒருநாள் இழுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. அச்சில் பொம்மை ஒட்டிக்கொண்டால் என்ன செய்வோம்? துணியில் வெள்ளைப் பொடியைக் கட்டி அச்சுக்குள் தட்டுவோம். பொம்மை வழுக்கிக்கொண்டு வரும். என் வீட்டில் ஒரு டப்பா அந்தப் பொடி இருந்தது. வேலையை விட்ட அன்றைக்கு எதற்கோ எடுத்துவந்தது. அள்ளிக் கையுறைக்குள் போட்டேன். அடடா! கை வெண்ணெயில் போகிற மாதிரி போனது, வந்தது. இதைக் கண்டுபிடித்தவனுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்துவிட்டது என்று ரொம்பப் பெருமை. மூன்று நாள் காலையும் சாயந்திரமும் போட்டேன். நாலாம் நாள் பச்சை விளக்கு எரியவில்லை.

இரண்டு நாள் கழித்து ஃபோன் வந்தது.

"ஐயா, வணக்கங்க. நான் புதுச்சேரிலேருந்து பேசறேன், உங்க பிசியோ. ரெண்டு நாளா உங்க கணக்கு எதுவும் வரலியே. ஒடம்பு நல்லா இருக்குதுங்களா?"

"நல்லா இருக்கேன்மா."

"சாப்ட்டீங்களா?"

சாப்பிட்டாயா என்று ஒருவர் கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போவோம். நான் இரண்டு இட்லி என்றேன். எந்தக் கடை, என்ன சட்னி, தேங்காய்ச் சட்னி ஏன் எனக்கு ஆகாது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டாள். என் பக்கம் மட்டும் வீடியோவைப் போட்டு ஒயரைக் காட்டச் சொன்னாள், டப்பாவைக் காட்டச் சொன்னாள். முக்கால் மணி நேரம் ஆனது. மறுநாள் கடலூரிலிருந்து மெக்கானிக் ஒருவர் பைக்கில் வந்தார். ஸ்குரூவைக் கழற்றி டப்பாவைக் கவிழ்த்தார். பொடி கொட்டியது.

"என்னா பெரியவரே, இதுக்குள்ள மாவு சலிச்சீங்களா?"

"அச்சுக்குப் போடறதுங்க."

"எந்த அச்சுக்கு?"

நான் யானையிலிருந்து ஆரம்பித்தேன். அவர் பிரஷ்ஷால் தட்டித் தட்டி எல்லாவற்றையும் சரி செய்தார், தலையைத் தலையை ஆட்டிக்கொண்டார். இனிமேல் உள்ளே மெல்லிய துணி உறை ஒன்றைப் போட்டுக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பச்சை விளக்கு எரிந்தது. நான் மறுபடி ஐம்பது, ஐம்பது என்று பிடித்தேன். எல்லாம் சரியாகப் போனது. ஃபோன் வரவில்லை. ஒரு வாரம், பத்து நாள், பதினைந்து நாள் ஆயிற்று. கணக்கு ஒழுங்காகப் போனால் அவளுக்குக் கூப்பிட வேலை இல்லை. அது எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது.

பதினாறாம் நாள் காலையில் கையுறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போடவில்லை. சாயந்திரமும் போடவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் பதினோரு மணிக்கு ஃபோன் அடித்தது.

"ஏங்கய்யா, என்னாச்சு?"

"ஒண்ணும் இல்லம்மா. கை கொஞ்சம் நோவுது."

இப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு வாரம் போடுவேன், இரண்டு நாள் போடமாட்டேன். அடிக்கடி நிறுத்தினால் கண்டுபிடித்துவிடுவாளோ என்று பிறகு வேறு வழி பார்த்தேன். கையுறையைப் போட்டுக்கொண்டு மாங்காயைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். கை மூட வரும். மூடமாட்டேன். மாங்காய் கூடைக்கு வெளியே தரையில் விழுந்து மறையும். ஐம்பதில் நாலு பிடிப்பேன், ஆறு பிடிப்பேன். அவள் வாரத்துக்கு இரண்டு தடவை கூப்பிட ஆரம்பித்தாள். அவளுக்குத் தெரியாமல், பலகையை அணைத்த பிறகு, கை தானாக ஏதாவது பிடித்துப் பார்க்கும். சொம்பைப் பிடிக்கும், கதவுத் தாழ்ப்பாளைப் பிடிக்கும். கை வந்துகொண்டிருந்தது. வராதே என்றா சொல்ல முடியும்?

இட்லிக்கடைக்காரம்மா காலையில் இட்லி கொண்டுவந்து வைக்கும்போது பலகையை எட்டிப் பார்ப்பாள்.

"என்னா மாமா, எல்லா மாங்காயும் கீழ வுழுது? வித்தாகூட காக்காசு தேறாதே."

"வரல, என்னா பண்றது."

"வரலயா? நேத்து என் கையிலேருந்து தூக்குச் சட்டிய வெடுக்குனு வாங்குனது எந்தக் கை?"

நான் இட்லியை இடது கையால் பிய்க்க ஆரம்பித்தேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்னமோ போ" என்று போய்விட்டாள்.

ஐந்தாம் மாதம் பிசியோ பெண்ணின் குரல் மாறியிருந்தது. முன்பு போலச் சட்னியைப் பற்றிக் கேட்கவில்லை.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. முப்பத்தஞ்சு வரைக்கும் போன கை நாலுக்கு வந்துருக்குது. நான்தான் தப்பா சொல்லிக் குடுக்கறனோன்னு இருக்குதுங்க. எங்க சார் ரெண்டு வாட்டி கேட்டுட்டாரு."

"உன்மேல தப்பு இல்லம்மா."

"அப்ப யார் மேலங்க?"

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. சொல்லிவிட்டால் அவள் அதற்குப் பிறகு எதற்குக் கூப்பிடுவாள்? வெயில் ஜாஸ்தியா அங்கே என்று கேட்டேன். ஜாஸ்திதான் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

சோதனை நாள் வந்தது. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலேயே ஒரு அறை கொடுத்திருந்தார்கள். கையுறையையும் பலகையையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, நீலப் பேண்டோடு போனேன். ஒரு குள்ளமான பெண் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். மூக்குக்கண்ணாடி, பக்கத்தில் சாப்பாட்டுப் பை. புதுச்சேரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு முகத்தில் இருந்தது. வாயைத் திறந்து "வாங்கய்யா" என்றதும்தான் அவள் என்று தெரிந்தது. ஃபோனில் அந்தக் குரல் இன்னும் பெரிய ஆளுடையதாக இருந்தது.

ஒரு காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். பேனா மூடியைத் திறந்தாள்.

"மனசு கஷ்டப்பட்டுத்தான் சொல்றேங்க. இந்தக் கணக்க வெச்சிப் பாத்தா கை இதுக்கு மேல வராதுன்னுதான் எழுதணும். எழுதிட்டா அடுத்த பயிற்சிக்கு உங்களப் போட முடியாது. கடைசியா ஒரு வாட்டி பாத்துடறேன். குடுங்க."

என் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாக நீட்டினாள், மடக்கினாள். மணிக்கட்டைத் திருப்பினாள். நான் கையைத் துணி மாதிரி விட்டிருந்தேன். அவள் கை வெதுவெதுப்பாக இருந்தது. என் கையை ஒருவர் இத்தனை நேரம் பிடித்திருந்து எத்தனை வருஷம் இருக்கும்? இட்லிக்கடைக்காரம்மா ஆட்டோவில் பிடித்திருப்பாள், அப்போது கையில் உணர்வு இல்லை. அதற்கு முன்னால் என் மனைவி. கடைசி மாதத்தில் அவளை நான்தான் பிடித்திருந்தேன், அவள் என்னைப் பிடிக்கவில்லை, அவளுக்குத் தெம்பு இல்லை.

"சரிங்கய்யா" என்று சொல்லி அவள் என் கையை மேஜைமேல் வைத்துவிட்டுத் தன் கையை எடுக்கப் போனாள். எடுக்க வரவில்லை. என் கை அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஆ! ஐயா, வலிக்குது, வலிக்குது!"

நான் விட்டேன். விரல் ஐந்தும் ஒழுங்காகத் திறந்தன. அவள் தன் கையை உதறினாள். பிறகு என் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இந்தக் கையா ஐம்பதுக்கு நாலு மாங்கா புடிக்குது?"

எனக்குத் தலை நிமிரவில்லை.

"சொல்லுங்கய்யா."

சொன்னேன். பொடி போட்டதிலிருந்து ஆரம்பித்து, மடியில் கையுறையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, வேண்டுமென்றே விட்ட மாங்காய், எல்லாம் சொன்னேன். எனக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது. அவள் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள். கோபத்தில் மூக்கு நுனி சிவந்திருந்தது.

"ரெண்டு மாசமா நான் வேற யார்கிட்டயாச்சும் போயி கத்துக்கணுமோன்னு நெனச்சிகிட்டு இருக்கேன். எங்கிட்ட இன்னும் இருபது பேரு இருக்காங்கய்யா. அதுல நெஜமாவே வெரல் அசையாதவங்க இருக்காங்க."

"தப்புதாம்மா."

"எங்கூட பேசணும்னா கூப்புட வேண்டிதான? நம்பர் உங்ககிட்டதான இருக்குது?"

"கூப்புட்டு என்னான்னும்மா சொல்றது?"

அவள் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வெளியே யாரோ ஸ்டிரெச்சர் தள்ளிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதினாள். என்ன எழுதினாள் என்று எனக்குப் படிக்கத் தெரியாது. வாரத்தில் இரண்டு நாள் இதே ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு வர வேண்டும், இங்கே ஒரு ஆண் பிசியோ இருக்கிறார், அவரிடம் ஏமாற்று வேலை நடக்காது என்றாள். மஞ்சள் பையை வாங்கிக்கொண்டாள். உள்ளே கையை விட்டுக் கையுறையை எடுத்து மோந்து பார்த்தாள்.

"இன்னும் பொடி வாசன வருது" என்றாள். சிரித்தாளா என்று சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்தேன். சொம்பு இருந்தது, சாய்த்து வைக்கப் பலகை இல்லை. சாயந்திரம் ஐந்து மணிக்கு 'மிக நன்று' என்று நானே ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். நன்றாக இல்லை.

மூன்று வாரம் கழித்து ஃபோன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை இல்லை.

"ஐயா, ஒரு வேலையாத்தான் கூப்புட்டேன். வேற ஒண்ணும் இல்ல" என்றாள். முதலிலேயே அதைச் சொல்லிவிட்டாள். கையுறை இப்போது கம்மாபுரம் பக்கம் ஒரு விவசாயியிடம் இருக்கிறதாம். என் வயதுதான். அவருக்கும் வலது கை. பேச்சும் போய்விட்டது. காது நன்றாகக் கேட்கும், சொல்வது புரியும், வாய்தான் வராது. கையுறையைப் போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறார், தூக்கித் தூக்கி எறிகிறார். அவர் வீட்டம்மா அழுகிறார். "நீங்க அதுல நெளிவு சுளிவெல்லாம் கண்டவரு. தெனம் சாயந்திரம் ஒரு பத்து நிமிஷம் அவர்கிட்ட பேசறீங்களா? அவரு பேச மாட்டாரு. நீங்கதான் பேசணும்."

"எனக்குப் பேசச் சொல்லியா தரணும்" என்றேன்.

அன்றைக்கு ஐந்து மணிக்குக் கூப்பிட்டேன். வலது கட்டை விரலால் அழுத்தினேன், இரண்டு தடவை தப்பாகப் போனது. அந்த வீட்டம்மா எடுத்து, "இருங்கண்ணே, காதுகிட்ட வெக்கிறேன்" என்றார். அதற்குப் பிறகு மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. நான் என் பெயரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன். துணி உறையைப் போட்டுக்கொண்டு அதற்கு மேல் மாட்டினால் கழற்றும்போது நோகாது என்று சொன்னேன். பொடி போடாதீர்கள் என்றேன். ஏன் என்பதையும் சொன்னேன், அதற்கு யானையிலிருந்து வர வேண்டியிருந்தது. இப்போது வேட்டி கட்டுகிறேன், அவிழ்ந்துவிடும் என்று மேலே பெல்ட் போட்டிருக்கிறேன் என்றேன். அவர் பக்கம் மூச்சு வந்துகொண்டே இருந்தது.

ஐந்தாறு நாளில் மூச்சுக்கு நடுவே 'டொப்' என்று ஒரு சத்தம் கேட்டது. பேச்சை நிறுத்திக் காத்திருந்தேன். இன்னொரு 'டொப்'. தினமும் எண்ணினேன். ஒருநாள் பத்து வந்தது. கம்மாபுரத்திலிருந்து அந்தப் பெண் குரல் என் காதில் வந்து, "மிக நன்று! தொடருங்கள்" என்றது.

நேற்று கூப்பிட்டேன். வீட்டம்மா, "போட்டுகிட்டுதாண்ணே ஒக்காந்திருக்காரு" என்று காதருகே வைத்தார். பேசினேன். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். மூச்சு கேட்டது. மாங்காய் கூடையில் விழுகிற சத்தம் ஒன்றுகூட வரவில்லை. போன வாரம் இருபது பிடித்த கை. கை நோகிறதா என்று கேட்டேன். அந்தப் பக்கம் மூச்சு ஒரு நொடி நின்று, மறுபடி வந்தது.

வேண்டுமென்றே விடுகிற மாங்காய் எனக்குத் தெரியாதா? பத்து நிமிஷம்தான் பேசச் சொல்லியிருந்தாள் பிசியோ பெண். நான் ஃபோனை இடது காதிலிருந்து எடுத்து, வலது கையாலேயே வலது காதில் வைத்துக்கொண்டேன்.

"நான் எங்கியும் போவல. நீங்க மெதுவா புடிங்க" என்றேன். பிறகு தோப்புக்காரர் சைக்கிளைப் போட்டுவிட்டு என்னைத் துரத்திய கதையை ஆரம்பித்தேன்.